ஒரு பேச்சுக்கு ஓம் சொன்னவர்

யூலியன் என் மூத்த அண்ணா. இங்கே ஐரோப்பாவின் வடக்கு மூலையில், அம்மருட்டில் என்னோடுதான் இருக்கிறார்; லோறென்ஸ்கூக்கில் முதியோர் இல்லச் சமையலறையில் வேலை. அதற்கு முந்தி பாட்ஸ்பியோர்ட்டில் மீன் வெட்டினார். அதற்கும் முந்தி யாழ்ப்பாணத்தில் ஒரு குருமடத்தில் கத்தோலிக்கச் சுவாமியாராகப் படித்தவர்.

அந்தக் குருமடத்தில் தர்க்கத்தை எழுநூறு வருடத்துக்கு முந்தி ஐரோப்பாவில் படிப்பித்த மாதிரியே படிப்பித்தார்களாம். சனிக்கிழமைகளில் ஒருவரை எழுப்பி, "நீர் உரோமையில் நிற்கிறீர்" என்பார்கள். பொய்தான், ஆனால் அவர் ஏற்க வேண்டும். பிறகு கேள்வி மேல் கேள்வி. ஏற்றதிலிருந்து எது வருமோ அதற்கு ஓம் சொல்ல வேண்டும். முரணாக ஒரு சொல் வந்தால் தோல்வி. ஆசிரியர் நேரம் முடிந்தது என்ற பிறகுதான் உண்மையைப் பேசலாம். அண்ணா ஒருநாளும் தோற்றதில்லை. உள்நாட்டுச் சண்டையில் படிப்புக் குழம்பிவிட்டது. இந்தப் பெருமை மட்டும் குழம்பவில்லை.

நாற்பத்தாறு வயதில் மன்னாரில் அனஸ்ரேசியாவைக் கட்டினார். அவளை இங்கே எடுக்க விண்ணப்பித்தோம். ஒரே வீட்டில் இருப்பதால் குடிவரவு அலுவலக விசாரணைக்கு என்னையும் கூப்பிட்டார்கள்.

அதிகாரி அமைதியான பெண். "ஒரு பேச்சுக்கு, உங்கள் மனைவி விசாவுக்காகத்தான் கட்டினாள் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் வந்தபின் உங்களை விட்டுப் போவாளா?" என்று கேட்டாள்.

அவள் அப்படிப்பட்டவள் இல்லை என்று வேறு எவரும் சொல்லியிருப்பார்கள். அண்ணா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஓம். போவாள்."

"இப்போது அன்பாகக் கதைப்பதும் நடிப்பாக இருக்கும்?"

"ஓம். நடிப்பாக இருக்கும்."

நான் அவருடைய கையைத் தட்டினேன். திரும்பவில்லை. நானாவது வாயைத் திறந்து விளக்கம் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அதிகாரி எல்லாவற்றையும் தட்டச்சு செய்தாள். நேரம் முடிந்தது என்று அங்கே யாரும் சொல்லவில்லை.

பஸ்ஸில் கேட்டேன். "ஏனண்ணா ஓம் எண்டனீங்கள்?"

"அவ வைச்ச எடுகோளிலை இருந்து அதுதானே பிள்ளை வரும். உனக்கு உது விளங்காது."

மறுப்புக் கடிதத்தில் அண்ணாவின் இரண்டு ஓமும் இருந்தன. அதிகாரி "ஒரு பேச்சுக்கு" என்று வைத்த எடுகோள் இருக்கவில்லை.

கடிதத்தின் பிரதி கிடைத்ததும் அனஸ்ரேசியா போனில் கேட்டாள். "நான் உங்களை விட்டுட்டுப் போவன் எண்டு சொன்னனீங்களோ?"

"சொன்னனான். ஆனா அது..."

விதிகளை முதலிலிருந்து விளங்கப்படுத்தினார். அவள் கடைசிவரை கேட்டாள்.

"அப்ப பிழை விடாமல்தான் சொல்லியிருக்கிறியள்" என்றாள். "கெட்டிக்காரன்தான்."

போனை வைத்துவிட்டாள்.

மேன்முறையீட்டுக்கு மூன்று கிழமை தந்திருந்தார்கள். அதில் அவளும் கையெழுத்து வைக்க வேண்டும். படிவத்தை அன்றைக்கே அவளுக்கு அனுப்பினோம். அது திரும்பி வரவில்லை. நேற்றோடு மூன்று கிழமையும் முடிந்துவிட்டது.