பகலில் பூட்டும் பூங்கா

எங்கள் வீட்டில் வேலை செய்பவரும் நானும் ஒருவரையொருவர் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். யார் மூத்தவர் என்று இருவருமே கேட்டதில்லை. கேட்டால் யாராவது ஒருவருக்கு வருத்தம்.

ஊருக்கு நடுவே இருக்கும் ஆஸ்டின் டவுனை விட்டு, ஊர் ஓரத்தில் வைட்ஃபீல்டுக்கு அப்பால் நாங்கள் குடிவந்தபோது, அபார்ட்மெண்டுக்கு எதிரே ஒரு பொது நிலம் காலியாகக் கிடந்தது. நடுவில் ஒரு புங்கமரம். மதியம் ஒரு மணிக்கு, அடுத்த வீட்டு வேலைக்குப் போகும் முன், அக்காவும் இன்னும் மூன்று பெண்களும் அதன் அடியில் டப்பாவைத் திறப்பார்கள். ஒருவர் களி, ஒருவர் சித்ரான்னம். பேச்சு பாதி தமிழ், பாதி கன்னடம்.

"எங்க வீட்லயே சாப்பிடுங்களேன்" என்றேன் ஒருநாள்.

"உங்க வீட்ல சோறு எறங்கும்க்கா. அங்க போயி குந்துனாத்தான் மனசுல இருக்கறது எறங்கும்" என்றார்.

சுற்றிலும் கட்டடங்கள் எழும்ப எழும்ப, இடித்த கல்லையும் மண்ணையும் அந்த நிலத்தில் கொட்ட ஆரம்பித்தார்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. குடியிருப்போர் சங்கத்தைக் கிளப்பிவிட்டு, மாநகராட்சிக்கு மனுமேல் மனு எழுதி, கடைசியில் ஒரு பூங்காவே வாங்கிவிட்டோம். வேலி, நடைபாதை, மரத்தடியில் இரண்டு பெஞ்ச். அந்த பெஞ்ச் இரண்டும் அக்காவுக்கும் அந்த மூன்று பெண்களுக்கும் என்று நான் சண்டை போட்டு வாங்கியவை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அறிவிப்புப் பலகைக்குச் சங்கத்தில் என்னிடம் வாசகம் கேட்டார்கள். காலை ஐந்து முதல் பத்து வரை, மாலை நான்கு முதல் எட்டு வரை என்று மளமளவென எழுதிக் கொடுத்தேன். இந்த ஊர்ப் பூங்காக்களைப் பகலில் பூட்டிவிடுவார்கள். சின்ன வயதிலிருந்து அப்படித்தான் பார்த்திருக்கிறேன். மதியம் ஒரு மணியைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை.

திறப்பு விழாவுக்கு மறுநாள் மதியம் வெளியே வந்தேன். வேலிக்கு வெளியே, சாக்கடையை மூடிய கல்லின்மேல் நால்வரும் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சுள்ளென்ற வெயில். பலகையின் நிழல் அக்காவின் தலைக்கு மட்டும் எட்டியது. உள்ளே மரத்தடியில் பெஞ்ச் காலியாக இருந்தது.

"யாரு எழுதுனாங்களோக்கா, மனுசங்க எப்ப சாப்பிடுவாங்கன்னுகூட அவங்களுக்குத் தெரியல" என்றார் அக்கா.

"நான்தான்க்கா எழுதினேன்" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவர் சாப்பிடுவதை நிறுத்தினார். பிறகு, "எழுதத் தெரிஞ்சவங்களுக்கு அழிக்கத் தெரியாதா?" என்று கேட்டபடி கொஞ்சம் நகர்ந்து, அந்த நிழலில் எனக்கும் இடம் விட்டார்.