எந்த ஆறு?

எங்கள் தெருவுக்குக் குழாய் வந்தது எந்த வருடம், எந்தப் புயலில் எந்த மரம் சாய்ந்தது என்று கேட்டு இன்றும் சிலர் என்னிடம் வருவார்கள். நான் குறித்துவைத்த நோட்டைப் புரட்டிச் சொல்லிவிடுவேன். ஒரே ஒரு மாதமும் ஓர் ஆற்றின் பெயரும்தான் என் நோட்டுகளில் இல்லை. அவற்றைச் சிவப்பு மையால் அடித்தவளே நான்தான். அப்போது எனக்குப் பதினோரு வயது.

சித்திரபானு வருடம், அதாவது 1942. சண்டைக்காலம். எங்கள் முதுநகரில் கடலைப் பார்த்த ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்புத் துணி கட்டியிருந்தார்கள். அந்த ஆவணியில் பெரியப்பாவின் மகன் ஒரு கையெழுத்துப் பத்திரிகை தொடங்கினான். நம் வயதுப் பிள்ளைகள் சரித்திரமும் இலக்கியமும் நாட்டு நடப்பும் தெரியாமல் வளர்கிறார்களே என்பது அவன் கவலை. அண்ணனுக்கு அப்போது பதினாறு வயது. பத்திரிகைக்கு எங்கள் ஊர் ஆற்றின் பெயரையே வைத்தான்: 'கெடிலம்'.

மாதம் ஒரே பிரதி. கையெழுத்து நன்றாக இருந்ததால் எல்லாவற்றையும் படியெடுப்பது என் வேலை. படித்தவர்கள் கருத்து எழுதுவதற்கென்று கடைசியில் இரண்டு வெற்றுப் பக்கங்கள் விடுவோம். முதுநகரில் வீடு வீடாகச் சுற்றிய பிறகு, ஞாயிற்றுக்கிழமை வரும் மாமா அதைச் சிதம்பரத்துக்கு எடுத்துப்போவார். அங்கே கோயிலைச் சுற்றியுள்ள நான்கு வீதிகளிலும் உலவிவிட்டு, எண்ணெய்க் கறையும் விபூதியுமாகத் திரும்பி வரும்.

முதல் இதழில் தேவனாம்பட்டினத்துக் கோட்டையைப் பற்றி அண்ணன் எழுதிய ஆறு பக்கங்களில் மட்டும் ஒரு கறைகூட இல்லை. கருத்துப் பக்கத்தில் சிதம்பரத்து வாசகர் ஒருவர் ஒரே வரி எழுதியிருந்தார்: "பேய்க் கதை போடவும்."

அண்ணன் இரண்டு நாள் அந்த ஆறு பக்கங்களையே புரட்டிக்கொண்டிருந்தான். மூன்றாம் நாள், "சரி, போட்டுத் தொலைப்போம். யாருடி எழுதுவா?" என்றான்.

நான் ரங்கூன் அக்காவின் பெயரைச் சொன்னேன். அவளுக்குப் பதினைந்து வயது இருக்கும். அம்மாவுக்குத் தூரத்து உறவு. பர்மாவில் குண்டு விழுந்தபின் காட்டு வழியாக நடந்தே இந்தியாவுக்கு வந்தவர்களில் அவளும் அவள் அப்பாவும் உண்டு. ஆடி மாதம் வந்து, உப்புக் கிடங்குக்குப் பின்னால் ஓர் அறையில் குடியிருந்தார்கள். "அவுங்ககிட்ட ஒண்ணும் கேக்கக் கூடாது, ஆமா" என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். ஆகவே நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை. பேய்க் கதைதான் கேட்டோம்.

அவள் முதல் இதழை வாங்கிப் புரட்டினாள். "இது சிதம்பரத்துக்கும் போவுதா?"

"போவுதே."

"பர்மாலருந்து வந்தவுங்க அங்க இருக்காங்களா?"

"அவுங்கள்ல ரயில விட்டு எறங்கி நடராஜரப் பாத்துட்டுத் தெக்க போறவுங்க ஜாஸ்தி" என்றான் அண்ணன்.

"அப்ப எழுதறேன்."

கதைக்கு 'ஏழு குவளை' என்று பெயர். ஒரு குடும்பத்தில் ஏழு பேர் காட்டில் நடக்கிறார்கள். பொழுது சாயும்போது மூத்த பெண் ஏழு குவளைகளில் தண்ணீர் ஊற்றி வைப்பாள். ஒருநாள் காலையில் அத்தை எழுந்திருக்கவில்லை. இலைகளைப் போட்டு மூடிவிட்டு நடக்கிறார்கள். அன்று மாலையும் பெண் ஏழு குவளைகளை நிரப்புகிறாள். விடிந்து பார்த்தால் அத்தையின் குவளை காலி. அடுத்த மாத இதழில் அத்தையின் கணவர், அதற்கடுத்து அவர்கள் மகள். வெள்ளைப் புடவை இல்லை, சலங்கை இல்லை, சிரிப்புச் சத்தம் இல்லை. ஆனாலும் பட்டப்பகலில் அதைப் படியெடுக்கும்போது எனக்குப் பின்னால் திரும்பிப் பார்க்கத் துணிவு வரவில்லை. சிதம்பரத்தில் ஒரு வீட்டார் பிரதியை மூன்று நாள் திருப்பித் தரவேயில்லை என்று மாமா பெருமையாகச் சொன்னார்.

ஒவ்வொரு பகுதியையும் அவள் மாதம், திதி, இடம் சொல்லித்தான் தொடங்குவாள். காகிதம் கிடைக்காத காலம். கதைக்கு இரண்டு பக்கம்தான். "பேய்க்கு என்னாத்துக்குடி பஞ்சாங்கம்? அடி" என்பான் அண்ணன். திதியை அடிப்பேன். முதல் பகுதி வெளிவந்ததுமே அவள் என்னைத் தேடி வந்தாள்.

"வேற எத வேணும்னாலும் வெட்டு. மாசத்தையும் எடத்தையும் மட்டும் வெட்டாத. அந்த வழியா வந்தவுங்க யாராச்சும் படிச்சா, எங்கன்னு தெரியணும்ல."

தலையாட்டினேன். வழியில் பிரிந்த அம்மாவையும் தம்பியையும் பற்றி அந்த வீட்டில் வாய் திறக்க அவள் அப்பா விடமாட்டார் என்பதும், விசாரிப்பதற்கு அவளுக்கிருந்த ஒரே வழி எங்கள் இரண்டு பக்கம்தான் என்பதும் பின்னாளில்தான் எனக்குத் தெரிந்தது.

கார்த்திகையில் ஒருநாள் விடிகாலை, கடைசிப் பகுதியை வாங்கப் போனேன். பின்கட்டுச் சுவர்மேல் ஐந்து கொட்டாங்குச்சிகள் வரிசையாக இருந்தன. மூன்று காலி. இரண்டில் தண்ணீர் விளிம்புவரை நின்றது.

"காக்கா குடிச்சிருக்குமோக்கா?"

"காக்கா ராத்திரில பறக்குமா?" என்று சிரித்தாள். பிறகு தாழ்ந்த குரலில், "போனவுங்க வந்து குடிப்பாங்க. இந்த ரெண்டும் ரொம்பியே இருக்குது பாரு. குடிக்காத வரைக்கும் நல்லது" என்றாள்.

கதையில் எழுதுவதை வீட்டில் செய்து பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். உப்பங்காற்று வீசியது. நிறைந்திருந்த இரண்டிலும் தண்ணீர் அசையவேயில்லை.

கடைசிப் பகுதியில் நான்கு பேர்தான் மிச்சம். ஓர் ஆற்றங்கரையில் தம்பிக்குக் காய்ச்சல். மூங்கில் பாலத்துக்கு இந்தப் பக்கம், மரத்தடியில், அவனை மடியில் போட்டுக்கொண்டு அம்மா உட்கார்ந்துவிடுகிறாள். நீங்கள் முன்னால் போங்கள், நாங்கள் வருகிறோம் என்கிறாள். அப்பாவும் பெண்ணும் பாலத்தைக் கடக்கிறார்கள். அன்று மாலையும் ஏழு குவளைகள்.

படியெடுத்தபோது இரண்டு வரி பக்கத்தில் அடங்காமல் மிஞ்சியது. மாதத்தை அடித்தேன். ஆற்றின் பெயர் நீளமாக, வாயில் நுழையாததாக இருந்தது. அதையும் அடித்து 'ஓர் ஆறு' என்று எழுதினேன். அவள் எழுதித் தந்து நான் அடித்த தாள் அடுப்புக்குப் போனது.

மார்கழியில் இதழ் சிதம்பரத்திலிருந்து திரும்பியது. கருத்துப் பக்கத்தின் அடியில், பழக்கமில்லாத ஒரு கை பென்சிலால் எழுதியிருந்தது:

"எந்த ஆறு? எந்த மாதம்? அந்தப் பையனுக்கு இடது காதில் தழும்பு உண்டா?"

கதையில் காதைப் பற்றி ஒரு சொல்கூடக் கிடையாது. முதலிலிருந்து இன்னொரு முறை படித்துப் பார்த்தேன். அண்ணனும் இதழை வாங்கித் தேடிப் பார்த்தான். பிறகு, "எவனோ நம்மளயே பயமுறுத்தப் பாக்கறான்" என்று சொல்லி, அதன் கீழே மையால், "கதைக்கு ஏது ஐயா ஆறு?" என்று பதில் எழுதினான். குறை சொல்லும் கருத்தைக் கதை எழுதியவர் கண்ணில் காட்டக் கூடாது என்பது ஆசிரியரான அவன் வைத்திருந்த நாகரிகம். எனவே அந்தப் பக்கத்தைக் கிழித்து என் பெட்டியில் வைத்தோம். எழுதியது யார் என்று மாமாவைக் கேட்டோம். சன்னதித் தெருக் கடையொன்றில், ரயிலுக்குக் காத்திருந்த யாரோ அரைநாள் உட்கார்ந்து படித்தாராம். எந்த ஊர்க்காரர் என்று கடைக்காரருக்குத் தெரியவில்லை.

மூன்று நாள்தான் என்னால் பொறுக்க முடிந்தது. நான்காம் நாள் சாயங்காலம் ரங்கூன் அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் கொட்டாங்குச்சிகளை நிரப்பிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, கதையில வர்ற தம்பிக்கு எடது காதுல தழும்பு இருக்குதா?"

கொட்டாங்குச்சி நிரம்பி வழிந்தது. அவள் ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

"யாரு சொன்னா ஒனக்கு?"

அண்ணனின் நாகரிகம் நினைவுக்கு வந்தது. "யாரும் சொல்லலக்கா. சும்மா தோணுச்சி."

"எப்ப தோணுச்சி?"

"ராத்திரி" என்றேன். அப்படிச் சொன்னால் சுவையாக இருக்கும் என்று பட்டது.

அவள் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்குப் பின்னால், ஒரு சிறு பிள்ளையின் உயரத்தில், எதையோ பார்த்தாள். அந்த முகத்தைக் கண்டு நான் ஓடிவந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் எட்டிப் பார்த்தேன். ஐந்தில் நான்கு கொட்டாங்குச்சிகள் காலியாக இருந்தன. காற்று கவிழ்த்ததா, அவளே கொட்டினாளா, இன்றுவரை எனக்குத் தெரியாது. தை பிறப்பதற்குள் தகப்பனும் மகளும் ஊரை விட்டுப் போய்விட்டார்கள். 'கெடிலம்' அதன் பிறகு ஓர் இதழோடு நின்றது.

அந்தக் காட்டு வழியைப் பற்றிக் கைக்குக் கிடைத்ததையெல்லாம் படித்துவிட்டேன். வாயில் நுழையாத பெயருள்ள ஆறுகள் பல. பென்சில் எழுத்து மங்கிவிட்டது, ஆனாலும் படிக்கலாம். அதை எழுதியவர் அந்தப் பையனைக் கண்ணால் பார்த்தவர். அவன் செத்துப்போனான் என்று அவர் எங்கும் எழுதவில்லை. 'ராத்திரி' என்ற ஒரே சொல்லில் அதை அவளுக்குச் சொன்னது நான்.

அன்று சாயங்காலம் இருட்டுவதற்குள் வீட்டுக்கு ஓடிவந்து, மூச்சு வாங்க அண்ணனிடம் நான் சொன்னது மட்டும் அட்சரம் பிசகாமல் நினைவிருக்கிறது: "பேய்க் கதை எழுதறவுங்களயே நான் பயமுறுத்திட்டேன்!"