ரேடான் பெட்டியும் சிகரெட் கேள்வியும்

வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்கிற வேலையில் முதலில் தேய்வது செருப்பு, அடுத்தது நம்பிக்கை. நீங்களும் சர்வே எடுத்துப் பிழைப்பவர் என்றால் உங்களுக்குச் சொல்லவே வேண்டாம். மண்ணிலிருந்து வீட்டுக்குள் கசியும் ரேடான் வாயு நுரையீரல் புற்றுநோய்க்கு எவ்வளவு காரணம், சிகரெட் எவ்வளவு காரணம் என்று பார்ப்பது எங்கள் ஆய்வு. நோய் வந்த வீடுகளிலும் வராத வீடுகளிலும் ரேடானை அளக்கும் சின்ன பிளாஸ்டிக் பெட்டி ஒன்றை வைத்துவிட்டு, சில மாதம் கழித்து எடுப்போம். புகை பிடிப்பீர்களா என்றும் கேட்போம். வம்பே அங்கேதான்.

லிஃப்ட் வரைக்கும்

பிரிக்ஃபீல்ட்ஸ் ஃபிளாட் ஒன்றில், மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருக்க, ஓர் அண்ணன் "தொட்டதே இல்ல" என்றார். சட்டைப் பையில் லைட்டர் தெரிந்தது. சொன்னதைத்தான் எழுத வேண்டும் என்பது எங்கள் விதி; எழுதினேன். வழியனுப்ப லிஃப்ட் வரை வந்தவர் அங்கேயே ஒன்றைப் பற்ற வைத்தார். "தங்கச்சி, உள்ள சொன்னதுதான் ரெக்கார்டு. இது சும்மா ரிலாக்ஸ் லா."

பாஸா, ஃபெயிலா

சுங்கை வேயில் ஓர் ஆன்டி வீட்டுப் படுக்கையறையில் பெட்டியை வைத்தேன். எடுக்கப் போனால், அது வாசல் கிரில்லில் பூந்தொட்டிக்கு மேல் தொங்குகிறது. நான் போன அன்றே மாற்றிவிட்டாராம். அத்தனை மாதமும் அது தெருக்காற்றைத்தான் அளந்திருக்கிறது. "உள்ள வெச்சா மார்க் கொறஞ்சிருமோன்னு பயம்மா. நம்ம வீடு ஃபெயிலாகக் கூடாதுல்ல?"

ஜெஞ்சாரோம்

இந்த ஊரில் ஓர் அக்கா; லோரி ஓட்டிய அவர் கணவர் நுரையீரல் புற்றுநோயில் போய்விட்டார். அவர் பிடித்த சிகரெட்டைப் பற்றி அவர் மனைவியிடம்தான் கேட்க வேண்டும். "எப்பவாச்சும் ஒண்ணு" என்றார் அந்த அக்கா. "பாக்கெட் பாக்கெட்டா ஊதுனாரும்மா, எதுக்குப் பொய்?" என்று சொல்லிவிட்டு மகன் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். துக்கத்துக்கு வந்தவர்களெல்லாம், சிகரெட் இழுத்தான், போய்ச் சேர்ந்தான் என்று அவர் காதுபடவே பேசினார்களாம். "இந்த வீட்டுலதான் அந்த ரேடான் கேஸ் இருக்கணும்" என்றார். அது இருந்தால் தேவலை என்று எனக்கும் இருந்தது.

இல்லை. சில மாதம் கழித்துப் பெட்டியை எடுத்துப் பார்த்ததில், சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை என்று முடிவு வந்தது. நேரில் போய்ச் சொன்னேன். அவர் அழவில்லை; கேரி தீவில் முன்பு குடியிருந்த, தோட்டத் தொழிலாளர்களுக்கான லைன் வீட்டை நினைத்துக்கொண்டார். "அப்ப அந்த வீடுதாம்மா. அதை இடிச்சாச்சு. பழியை அது மேலயே எழுதிக்க, யாருக்கும் வலிக்காது."

ஆபீசில்

அக்கா சொன்னதையும் மகன் சொன்னதையும் தனித்தனியாக எழுதிக் கொடுத்தேன். ஆய்வுக்குக் கணக்குப் போடும் டாக்டர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "எல்லாரும் ஒரே மாதிரி பொய் சொன்னாக்கூட ஓரளவு சமாளிச்சிருவேன். நோய் வந்த வீட்டுல ஒரு பொய், வராத வீட்டுல வேற பொய்னா, நான் எந்தப் பக்கம் சாயறது?"

ரேடானுக்குக் குடும்பம் கிடையாது, அதனால்தான் அதை அளப்பது கொஞ்சம் சுலபம்.