மறுபடி வருகிறவனின் கதை

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாவதோடு படிப்பு நின்றுவிட்டது. முன்னே சொல்ல வேண்டியது பின்னே வரும், நடுவில் சிலது மறந்தும் போகும். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கதை என்றால் எனக்குப் போனில் ஓடுகிற கதைதான். என் மகள் வயர் செய்கிற கம்பெனிக்குப் போகிறாள். கம்பெனி பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிற பெண் அவளுக்கு அதைக் காட்டினாளாம். யாரோ ஒரு பொம்பளை நாவலை வாசித்துக்கொண்டே போவாள், நாம் கேட்டபடி வேலையைப் பார்க்கலாம். பாகலூர் ரோட்டில் லைன் வீடு, ஒரே அறை. அவள் கேட்டால் நானும் கேட்டாக வேண்டும். பிறகு எனக்கும் பிடித்துப்போயிற்று.

எல்லாம் ஒரே மாதிரிக் கதை. புருஷனும் பெண்டாட்டியும் பிரிந்திருப்பார்கள். சில வருஷம் கழித்து அவன் திரும்பி வருவான். அவள் வேண்டாம் என்பாள். போய்விட்டு மறுபடி வருவான். மழையில் கேட்டுக்கு வெளியே நனைந்துகொண்டு நிற்பான். கடைசியில் சேர்ந்துவிடுவார்கள். சேர்வார்கள் என்று முதலிலேயே தெரியும். தெரிந்தும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

நான் வேலை செய்கிற ரோஜாத் தோட்டத்து ஷெட்டில் பூக்காம்புக்கு முள் உரிக்கும்போது இதை யோசித்திருக்கிறேன். புதிதாகப் பழகுகிறவர்கள் கதை எனக்கு ருசிப்பதில்லை. ஒருவரைப் பற்றி ஒருவருக்கு என்ன தெரியும்? இந்தக் கதைகளில் அவன் எதற்குக் கோபப்படுவான், எதை விரும்பிச் சாப்பிடுவான், எந்த இடத்தில் கைவிட்டான், எல்லாம் அவளுக்குத் தெரியும். அவனே வந்து, தப்பு என்னுடையதுதான் என்கிறான். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் கேட்கிறோம் என்று நினைக்கிறேன். ஷெட்டில் என் பக்கத்தில் உட்காருகிறவளிடம் மெதுவாகச் சொன்னேன். அவள் சிரித்தாள்.

"என் ஊட்டுக்காரன் அப்பிடிச் சொன்னான்னு வையி, காய்ச்சல் தலைக்கேறிடுச்சின்னு நேரா ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போயிடுவன்."

என் மகளைக் கொடுத்தது அத்திப்பள்ளிப் பக்கம். ஜூஜுவாடி தாண்டினால் கர்நாடகம் என்பார்கள், எங்களுக்கு அது பக்கத்து ஊர். மாப்பிள்ளை குடித்ததில்லை, அடித்ததில்லை. கரு கலைந்து இவள் இங்கே வந்து படுத்தபோது வந்து பார்க்கவில்லை. அவ்வளவுதான். அவர் கூப்பிடவில்லை, இவளும் போகவில்லை. அப்படியே இரண்டு வருஷம் ஓடிவிட்டது.

போன ஆவணியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் வந்தார். அவருடைய தாய்மாமனும் அத்தையும் கூட வந்தார்கள். தட்டில் வெற்றிலை பாக்கு, பூ, ஒரு புடவை. பிரிந்திருக்கிற பெண்ணைக் கூப்பிட எங்கள் ஜனத்தில் இப்படித்தான் வருவார்கள். பூவை எடுத்துப் பெண் தலையில் வைத்துக்கொண்டால் அன்றைக்கே கூட்டிப்போவார்கள். தட்டைத் திருப்பினால் பேச்சு முடிந்தது. திருப்பின வாசலுக்கு மறுபடி வரமாட்டார்கள், வந்தால் ஜனத்தில் தலைகாட்ட முடியாது. பெண் வீட்டாரும் போய்க் கூப்பிடுகிற வழக்கமில்லை.

"பழசெல்லாம் இப்ப எதுக்கும்மா, பூவ எடுத்துக்கோ. சாய்ங்காலத்துக்குள்ள ஊடு போய்ச் சேரணும்" என்றார் தாய்மாமன்.

மகள் மாப்பிள்ளையைப் பார்த்தாள். "இவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரா?"

"அதான் வந்துகிறானே. வந்ததே சொன்ன மாதிரிதான?" என்றாள் அத்தை.

மாப்பிள்ளை கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். கதையாக இருந்தால் வாசிக்கிற பொம்பளை இந்த இடத்தில் அவன் மனசுக்குள் ஓடுவதை நமக்குச் சொல்லிவிடுவாள். அவன் துடிக்கிறான், வார்த்தை வரவில்லை என்று. என் வீட்டுப் பாயில் உட்கார்ந்திருந்தவர் மனசை எங்களுக்கு யார் வாசித்துச் சொல்வது? துடித்தாரோ, பஸ்ஸை நினைத்தாரோ, எனக்குத் தெரியவில்லை.

மகள் தட்டை அவர்கள் பக்கம் தள்ளினாள். "எனக்கு இஷ்டமில்ல."

"ஆய்த்தும்மா, ஆய்த்து" என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு மாமன் எழுந்தார். முடிந்தது என்றுதான் அதற்கு அர்த்தம். மாப்பிள்ளை செருப்பை மாட்டிக்கொண்டு போனார். கேட்டருகே ஒருதரம் திரும்பிப் பார்த்தார். அதை நானும் பார்த்தேன், அவளும் பார்த்தாள்.

அழுவாள் என்று நினைத்தேன். அவள் தலைசீவிப் பூ வைத்துக்கொண்டு, போனில் கதையைப் போட்டுவிட்டு வெங்காயம் அரிந்தாள்.

"ஏம்மா, அவரு எளச்சிட்டாரில்ல?" என்றாள்.

நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். "மனசு இருந்தா பூவ எடுத்திருக்கலாமே கண்ணு."

"ஒடனே எடுத்துட்டா எனக்கு என்னா மதிப்பு? அடுத்த வாட்டி வந்து வாயத் தொறந்து கேக்கட்டும். அப்பப் பாத்துக்கலாம்."

"தட்டு திரும்பிடுச்சே."

"தட்டாம் தட்டு. அதெல்லாம் அந்தக் காலம். வேணும்னா வருவாரு, நீ பேசாம இரு."

அந்தக் கதைகளில் தட்டு கிடையாது. அவர்களுக்கு மாமன் கிடையாது, ஜனம் கிடையாது. கார் இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் வந்து நிற்கலாம். இதை அவளுக்கு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருப்பாளா? எனக்கே அவள் சொன்னபடி நடந்துவிடாதா என்றுதான் இருந்தது.

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓ.டி. வேண்டாம் என்று கம்பெனியில் சொல்லிவிட்டாள். நல்ல புடவை கட்டிக்கொண்டு வீட்டில் இருந்தாள். ஐப்பசியில் மழை பிடித்தது. பைக் சத்தம் கேட்டால் ஜன்னலுக்குப் போவாள். பக்கத்து அறைப் பையன்கள்தான் ஷிப்டு முடிந்து வந்திருப்பார்கள். திரும்பி வந்து உட்காருவாள்.

ஷெட்டில் பக்கத்தில் இருக்கிறவள் கேட்டாள், "நீயே ஒரு நட போயிப் பேசக் கூடாதாக்கா?"

"எந்த மூஞ்சிய வச்சினு போறது?"

அப்படிச் சொன்னேனே தவிர, ஒருநாள் கிளம்பி ஜூஜுவாடி வரைக்கும் போனேன். அத்திப்பள்ளி பஸ் ஒன்று வந்தது, இன்னொன்று வந்தது. பிறத்தியாரிடம் வழி கேட்கவே எனக்கு நாக்கு எழாது. அவர் வாசலில் நின்று என்ன பேசுவேன்? இனிமேல் வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டால் அதை எப்படி வீட்டுக்குத் தூக்கி வருவேன்? லாரிப் புழுதியில் நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன்.

கார்த்திகையில் சொந்தக்காரர் ஒருவர் வந்து சேதி சொன்னார். தை பிறந்ததும் இரண்டு பக்கத்து ஆட்களும் உட்கார்ந்து பேசி உறவை அறுத்துக்கொள்ளலாம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லிவிட்டார்களாம். மகளிடம் சொன்னேன். போன் சத்தத்தைக் குறைத்துக் கேட்டுக்கொண்டாள்.

"அதுக்குள்ள வந்துடுவாரு" என்றாள். சத்தத்தைக் கூட்டினாள்.

இப்போது மார்கழி. மழையில் வந்து நிற்கிறவன் கதை ஒன்றை மறுபடி முதலிலிருந்து கேட்கிறாள். எங்கள் அறையில் அவன் மறுபடி மறுபடி வந்துகொண்டே இருக்கிறான்.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். கதையின் பேர் எனக்குத் தெரியாது. மலை ஊர், அவனுக்குத் தேயிலைத் தோட்டம், அவள் பள்ளிக்கூடத்து டீச்சர். நான் விடிகாலை பூ வெட்டப் போகிறவள், நடுவில் பல பாகங்களில் தூங்கிவிட்டேன். அவன்தான் ஒவ்வொரு தடவையும் வந்ததாக எனக்கு ஞாபகம். அவளே புறப்பட்டு அவன் வீட்டுக்குப் போனதாக எங்கேயாவது வருகிறதா? கேட்டவர்கள் யாராவது சரிபார்த்துச் சொல்ல வேண்டும். தை பிறப்பதற்குள் தெரிந்தால் அந்தப் பாகத்தை இவளைப் போடச் சொல்வேன்.