இரண்டு தட்டு

எங்கள் காப்பீட்டு அலுவலகத்தில் கடிதம் அடிப்பவர் ஓர் அக்கா. முற்றுப்புள்ளி வைத்ததும் ஸ்பேஸ் பாரைக் கட்டைவிரலால் இரண்டு முறை தட்டுவார். காற்புள்ளிக்கு ஒரு முறைதான். தட்டச்சு வகுப்பில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்களாம். கணினி வந்ததும் மற்ற அலுவலகங்களில் எல்லாரும் ஒரு தட்டுக்கு இறங்கிவிட்டார்கள். அக்கா இறங்கவில்லை. "வாக்கியம் முடிஞ்சா படிக்கிறவன் மூச்சு விட வேண்டாமா?" என்பார். 'ரெண்டு தட்டு' என்று அவருக்குப் பட்டப்பெயர் வைத்தவள் நான்தான். மறைப்பானேன்.

மேலாளர் ஒருநாள் பெண்கள் கழிப்பறையின் சாவியைத் தன் மேஜையில் வைத்துக்கொண்டார். போகிற நேரம், வருகிற நேரம் இரண்டையும் நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். ஆறு பெண்களும் பல்லைக் கடித்துக்கொண்டு நான்கு மாதம் எழுதினோம். பிறகு தலைமை அலுவலகத்துக்கு நான் ஒரு மொட்டைக் கடிதம் எழுதி, அக்காவிடம் அடிக்கக் கொடுத்தேன்.

தலைமை அலுவலகம் அதை 'தகுந்த நடவடிக்கைக்காக' மேலாளருக்கே அனுப்பிவைத்தது. அவர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் புள்ளி புள்ளியாகப் பார்ப்பது கண்ணாடித் தடுப்பு வழியாகத் தெரிந்தது. புள்ளிக்குப் பின் இரட்டை இடைவெளி விடுவது யார் என்று வாசல் காவலாளிக்குக்கூடத் தெரியும். எனக்கு உடனே கழிப்பறைக்குப் போக வேண்டும்போல் ஆனது. சாவி கேட்கிற நேரமா அது?

அக்கா ஓய்வு பெற எட்டு மாதம்தான் இருந்தது. இப்போது வேலை போனால் ஓய்வூதியமும் போச்சு.

மேலாளர் அக்காவை உள்ளே கூப்பிட்டுத் தன் கணினியில் உட்காரவைத்து, சோதனையாக, அன்று அனுப்ப வேண்டிய ஒரு கடிதத்தைச் சொல்லச் சொல்ல அடிக்கச் சொன்னார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று, ஒரு தட்டு போதும் என்று நாங்கள் ஐந்து பேரும் ஒரு விரலைக் காட்டினோம். மேலாளர் நிமிர்ந்தார். "அஞ்சு பேருக்கும் ஒரே நேரத்துலயா?" என்று நோட்டை எடுத்து நீட்டினார்.

அக்கா ஒரு தட்டோடு அடித்துக் கொடுத்துவிட்டுத் தப்பி வந்தார். ஆனால் முகம் சரியில்லை. தன் இடத்தில் போய் உட்கார்ந்தார். அதே கடிதத்தை மறுபடி அடித்தார். புள்ளிக்குப் புள்ளி இரண்டு தட்டு கேட்டது. அதை உள்ளே எடுத்துப் போனார். கதவு திறந்தே கிடந்தது.

"சார், முன்னாடி அடிச்சதுல தப்பு இருக்கு. இதை அனுப்புங்க."

"அப்ப அந்த மொட்டைக் கடிதம்?"

"நான்தான் அடிச்சேன்."

"எழுதினது யாரு?"

"அடிக்கிறதுதான் சார் என் வேலை."

நான் எழுந்தேன். பின்னால் நான்கு நாற்காலிகள் நகர்ந்தன. நெஞ்சு நிறையத் திரும்பிப் பார்த்தேன். நால்வரும் சாப்பிடக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள்.

உள்ளே போய், "நான்தான் எழுதினேன் சார்" என்றேன். அக்காவை மாட்டிவிட்டோமே என்று வெட்கமாக இருந்தது.

"எழுத்துப்பிழை பதினொண்ணு இருந்துச்சு. திருத்தித்தான் அடிச்சேன்" என்றார் அக்கா.

"ரெண்டு பேருக்கும் வேலைநீக்க உத்தரவு அடிங்கம்மா!" என்று மேலாளர் கத்தினார். அலுவலகத்தில் அடிக்கத் தெரிந்தவர் அக்கா ஒருவர்தான். உட்கார்ந்து அடித்தார். பாதியில் விரல்கள் நின்றன.

"காரணம்னு ஒரு இடம் இருக்கு. என்ன போடட்டும் சார்?"

மேலாளர் மேஜையில் கிடந்த சாவியைப் பார்த்தார்.

"கழிப்பறைன்னே போடட்டுமா? கீழ உங்க கையெழுத்து வரும்."

அவர், "அழிச்சிடுங்கம்மா" என்றார்.

அக்கா முழுசாக அடித்து முடித்துவிட்டுத்தான் அழித்தார்.