சாத்தாங்காட்டில் ஏழாம் எண் குரல்

நான்கு ஆண்டுகளாக மொழியியலில் ஆய்வு செய்கிறேன். நான் எழுதுவதை இதுவரை படித்தவர்கள் இருவர்: நானும் என் வழிகாட்டியும். வழிகாட்டியைப் பற்றி உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால்தான், பொங்கல் முடிந்த சனி, ஞாயிறு இரண்டு நாளும் எங்களைப் போன்ற இளம் ஆய்வாளர்கள் கூடி அவரவர் வேலையைச் சொல்லிக்கொள்ளலாம் என்று நண்பர் ஜெபராஜ் அழைத்ததும் கிளம்பிவிட்டேன். தலைமையுரை, பொன்னாடை, சான்றிதழ் எதுவும் கிடையாது என்று முன்பே அறிவித்திருந்தார். உடனே நான்கு பேர் வரவில்லை என்றார்கள். மிஞ்சியவர்கள் பதினொரு பேர்.

சென்ட்ரலில் காலை 8.10 புறநகர் ரயில். திருவொற்றியூருக்கு ஐந்து ரூபாய், அரை மணி நேரம். அங்கிருந்து சாத்தாங்காடு இரும்புச் சந்தைக்கு ஷேர் ஆட்டோவில் இருபது ரூபாய். கூட்டத்துக்குப் போகிறேன் என்றதும் ஓட்டுநர் எந்தக் கட்சி என்று கேட்டார். கட்சி இல்லை என்றேன். “அப்ப பிரியாணி கெடையாதா?” என்று என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

ஜெபராஜின் அப்பா தூத்துக்குடிக்காரர், இரும்பு வியாபாரி. கடை மாடியை இலவசமாகக் கொடுத்திருந்தார். கீழே லாரியிலிருந்து தகடு இறக்கும்போதெல்லாம் பேசுபவர் நிறுத்த வேண்டும். எந்தக் கருத்தரங்கிலும் நேரக் கட்டுப்பாடு இவ்வளவு சிறப்பாக நடந்ததில்லை.

மதியம் எங்களில் ஒருத்தியான ரேவதி பேசினாள். மீன் விற்கும் பெண்கள் ஒரு சண்டையைத் திருப்பிச் சொல்லும்போது மற்றவர் பேச்சை எப்படி நடித்துக் காட்டுகிறார்கள் என்பது அவள் ஆய்வு. பெயர், தெரு எல்லாம் நீக்கி, ‘பேச்சாளர் ஏழு’ என்ற ஒருவரின் நான்கு நிமிடப் பதிவை ஒலிபெருக்கியில் போட்டாள். அதில் அந்தப் பெண், தன்னிடம் அழுத தன் மருமகளை அப்படியே பேசிக் காட்டுகிறார். அபாரமான பதிவு. எங்களுக்குச் சாப்பாடு கொண்டுவந்திருந்த காசிமேட்டு தேசம்மா அக்கா, இலை போடுவதை நிறுத்தினார்.

“இது எங்க தெரு கன்னிம்மா தான? மருமவ அம்மா வூட்டுக்குப் போன கதைய ஏம்மா மைக்குல போட்டுக்கினு கீறீங்க?”

ரேவதி பதிவை நிறுத்தினாள். இரண்டு மாதத்தில் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க வேண்டும். மூன்றாம் இயல் முழுவதும் அந்த நான்கு நிமிடத்தில் நிற்கிறது. குரலை மென்பொருளில் மாற்றலாம் என்றார் ஒருவர். விதிப்படி எல்லாம் சரி என்றார் இன்னொருவர். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

“கையெழுத்து வாங்கியிருக்கேன்க்கா,” என்றாள் ரேவதி.

“கையெழுத்து வாங்கின. கேட்டியா?”

மாலை நான்கு மணிக்கு அக்காவோடு ரேவதியும் நானும் காசிமேட்டுக்குப் போனோம். ஆட்டோ இருநூறு ரூபாய். தூரம் ஏழு கிலோமீட்டர்தான். கன்டெய்னர் லாரிகளின் புண்ணியத்தில் ஐம்பது நிமிடம். வியாபாரம் முடிந்து வீட்டில் இருந்த கன்னியம்மா, காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு நான்கு நிமிடத்தையும் கேட்டார். இரண்டு இடத்தில் சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை.

“மருமவ சொன்னத எடுத்துடு கண்ணு. அது அவ பேச்சு. நான் இன்னாத்துக்கு குடுக்கறது?”

ரேவதி அவர் கண்முன்னேயே அழித்தாள். மிஞ்சியது ஒரு நிமிடம் இருபது நொடி. கன்னியம்மா அதையும் ஒருமுறை கேட்டுவிட்டு, தன்னை எந்தப் பெயரில் எழுதியிருக்கிறாள் என்று விசாரித்தார். ரேவதி சொன்னாள்.

“ஏழாம் நம்பரா? நான் இன்னா ஜெயில்லயா கீறேன்? எம் பேரப் போடு.”

பெயர் போடுவது பல்கலைக்கழக விதிக்கு விரோதம். ஆகவே ஞாயிற்றுக்கிழமை முழுவதும், அனுமதி கேட்டுப் பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதுவதிலும், அந்த இயலை மிஞ்சிய ஒரு நிமிடம் இருபது நொடியை வைத்தே திருத்தி எழுதுவதிலும் மற்ற பத்துப் பேரும் ரேவதிக்கு உதவினோம். என் கட்டுரையை வாசிக்க நேரம் இல்லாமல் போனது. இதற்காக எல்லோருக்கும், குறிப்பாக தேசம்மா அக்காவுக்கு, நன்றி சொல்கிறேன்.

இப்படி ஒரு கூட்டம் நடத்த நினைப்பவர்களுக்கு: பதினைந்து பேருக்கு மேல் வேண்டாம். வட சென்னைக்கு ரயிலில் வாருங்கள். ஒலிபெருக்கியைவிட இயர்போன் முக்கியம். குரலுக்கு உரியவர் முதலில் கேட்கட்டும்.

என்னிடம் தருமபுரியில் பதிவு செய்த அறுபது மணி நேரம் இருக்கிறது, எல்லாம் கையெழுத்தோடு. வரும் ஞாயிறு காலை, அங்கே நான் முதலில் பதிவு செய்தவர் வீட்டுக்கு, அவர் குரலை அவருக்கே போட்டுக் காட்டப் போகிறேன். எத்தனை மணி நேரம் மிஞ்சும் என்று தெரியவில்லை.