தென்னேரி அம்மாவின் ரிவால்வர்

அறுபதுகளில் காஞ்சிபுரத்துப் பட்டுக்கடை முதலாளிகளில் லைசென்ஸ் வாங்கித் துப்பாக்கி வைத்திருந்தவர்கள் சில பேர் உண்டு. எல்லாம் உள்ளங்கைக்குள் அடங்குகிற சின்னப் பிஸ்டல். கேட்டால், சட்டைப்பையில் போட்டுக்கொள்ள வசதி என்பார்கள். வசதிதான் வேண்டும் என்றால் மூக்குப்பொடி டப்பாவை வைத்துக்கொள்ள வேண்டியதுதானே! என்னிடம் இருந்தது பழைய பாயின்ட் நாற்பத்தைந்து அளவு ரிவால்வர், ஒரு கிலோவுக்கு மேல் கனம். இன்னொன்று, குழல் இன்னும் நீளமானது, வீட்டு பீரோவில் இருந்தது. இரண்டையும் ஊரைவிட்டுப் போன ஒரு வெள்ளைக்கார எஸ்டேட் துரையிடம் நேரில் போய்ப் பேசி வாங்கினேன்.

வேலூருக்கும் சித்தூருக்கும் சேலை மூட்டையோடு பஸ்ஸில் போகும்போது பீரோவிலிருந்து எடுத்த அந்தப் பெரியது இடுப்பில் இருக்கும். முதலில் அந்தக் கனத்துக்கு வேட்டி நிற்கவில்லை. சேணம் தைக்கும் பாய் ஒருவரிடம் சொல்லி நாலு விரல் அகலத்தில் தோல் பெல்ட் செய்துகொண்டேன். "இன்னா மொதலாளி, குதிரைக்கா உங்களுக்கா?" என்று கேட்டுக்கொண்டேதான் அளவெடுத்தார். பெல்ட் பிரமாதமாக அமைந்தது. நான் பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் தானே எழுந்து இடம் கொடுப்பார். எனக்கு அது பிடித்திருந்தது. பிடிக்கவில்லை என்று சொன்னால் பொய்.

ஒரு விஷயத்தில் மட்டும் குறை. இந்த அளவுத் தோட்டா வெளிநாட்டிலிருந்து வருவது நின்றுபோயிருந்தது. அந்தத் துரை கொடுத்த ஆறு தோட்டாதான் கையிருப்பு. ஒன்றைச் சுட்டுப் பழகினால் ஐந்தாகிவிடும். அதனால் ஒன்றைக்கூடச் சுடவில்லை. கண்ணைப்போலப் பார்த்துக்கொண்டேன். ஆயுத பூஜை வந்தால் கடையில் தராசு, கஜக்கோல், நெசவாளிகள் கொண்டுவந்து வைக்கும் தறியில் ஓடுகிற நாடா எல்லாவற்றுக்கும் நடுவில் வாழையிலையில் என் ரிவால்வர்கள் இரண்டும் சந்தனம் குங்குமத்தோடு உட்கார்ந்திருக்கும். பக்கத்தில் வெள்ளிக் கிண்ணத்தில் அந்த ஆறு தோட்டா, நல்லெண்ணெயில் மூழ்கி, பூஜை முடிகிற வரைக்கும். மறுநாள் எடுத்துத் துடைத்தால் தங்கமாக மின்னும். பத்து வருஷத்துக்கு மேல் இதை நானே என் கையால் செய்தேன், வேறு யாரையும் தொட விடவில்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் தென்னேரியில் பெரிய விவசாயி ஒருவர் இறந்துபோனார். அவரிடமும் ஒரு பெரிய ரிவால்வர் இருந்தது, அமெரிக்காவில் செய்தது. அதைப்பற்றிக் கேள்விப்பட்ட நாளிலிருந்து எனக்கு வேறு நினைப்பு இல்லை. லைசென்ஸ் அவர் பெயரில் இருந்ததால் துப்பாக்கியைப் போலீஸில் ஒப்படைத்திருந்தார்கள். அவர் மனைவி யாருக்காவது மாற்றிக் கொடுக்கலாம், அல்லது அரசாங்கத்துக்கே விட்டுவிடலாம். நான் தென்னேரிக்குப் போய் அந்த அம்மாவைப் பார்த்தேன். களத்தில் நெல் தூற்றுகிற ஆட்களுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தார்.

"எங்க வூட்டுக்காரரு அத்த கொழந்த மாதிரி வச்சிக்கினு இருந்தாரு. சுடத் தெரிஞ்சவங்க கைக்குத்தான் போவணும். உங்களுக்கு சுடத் தெரியுமா?" என்று கேட்டார்.

"என்னம்மா இப்படிக் கேக்கறீங்க? பத்து வருசமா இடுப்புல கட்டிக்கினு திரியறேன்" என்றேன்.

"அப்ப சரி. உங்களுக்கே தரேன்."

மாற்றிக் கொடுக்க ஆயுதப்படை இன்ஸ்பெக்டரின் சிபாரிசு வேண்டும். அவர் கறாரான ஆள். "மூணாவது துப்பாக்கி கேக்கறீங்க. மொதல்ல இருக்கறத சுட்டுக் காட்டுங்க. எழுதித் தரேன்" என்று சொல்லிவிட்டார். ஆறில் ஒன்று போனால் போகட்டும் என்று துணிந்தேன்.

குறித்த நாள் காலையில் ஆயுதப்படை மைதானத்துக்குப் போனேன். தென்னேரி அம்மாவும் கையெழுத்துப் போட வந்திருந்தார். அவர் கணவருடைய ரிவால்வரும் ஒரு புகையிலை டப்பாவும் மேசைமேல் இருந்தன. அந்த நீலம் பாய்ந்த உருக்கைப் பார்த்ததும் எனக்குக் கை பரபரத்தது. மண்மேட்டின் முன்னால் ஒரு பலகையை நட்டிருந்தார்கள். சட்டைக்கையை மடித்துவிட்டு, காலை அகட்டி நின்று, குறி பார்த்து விசையை இழுத்தேன்.

'டிக்' என்றது. அவ்வளவுதான்.

மறுபடி இழுத்தேன். டிக். ஆறு தடவை இழுத்தேன், ஆறும் டிக். பின்னால் நின்ற கான்ஸ்டபிள்கள் இருமுகிற சாக்கில் திரும்பிக்கொண்டார்கள்.

இன்ஸ்பெக்டர் தோட்டாக்களைக் கொட்டி ஒவ்வொன்றாகப் பார்த்தார். "ஊசியெல்லாம் சரியாத்தான் குத்தியிருக்குது. துப்பாக்கி மேல தப்பு இல்ல." ஒன்றை மூக்கருகே கொண்டுபோனார். "இன்னா மொதலாளி, நல்லெண்ண வாசன அடிக்குது?"

சொன்னேன். வேறு என்ன செய்ய? கிண்ணம், எண்ணெய், பூஜை, வருஷக்கணக்கு எல்லாவற்றையும் சொன்னேன்.

"தோட்டாவுக்கு அடியில கேப்பு இருக்குதே, அதான் மருந்தப் பத்த வைக்கணும். எண்ண எறங்குனா அது செத்துப்போயிடும்" என்றார் இன்ஸ்பெக்டர். "எந்த வருசத்துப் பூசையில செத்துதோ! இத்தினி நாளும் வெறும் இரும்பத்தான் கட்டிக்கினு திரிஞ்சிருக்கீங்க."

வேலூர் பஸ், சித்தூர் பஸ், மடியில் மற்றவர்கள் வீட்டுக் கல்யாணச் சேலைகள், நான் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தது எல்லாம் ஒரே நொடியில் கண்முன் வந்துபோயின. அப்போதும் வாய் சும்மா இருக்கவில்லை. "வேற தோட்டா குடுங்க, சுட்டுக் காட்டறேன்" என்றேன்.

தென்னேரி அம்மா எழுந்து மேசைக்கு வந்தார். "ஐயா, எங்க டப்பாவுல கொஞ்சம் இருக்குது. நான் ஒண்ணு போட்டுப் பாக்கட்டுமா?"

"உங்களுக்குத் தெரியுமாம்மா?"

"பன்னி வயல்ல எறங்குனா அவரு மட்டுமா போவாரு? குண்டுல எண்ணக் கை படக்கூடாதுன்னு நூறு வாட்டி சொல்லுவாரு. பூசையெல்லாம் துப்பாக்கிக்குத்தான். அன்னிக்கு குண்டு டப்பாவத் தொறக்கவே வுட மாட்டாரு."

இன்ஸ்பெக்டர் பக்கத்திலேயே நின்றுகொண்டு அனுமதித்தார். அந்த அம்மா முந்தானையை இடுப்பில் செருகி, கையை முந்தானை நுனியில் துடைத்துக்கொண்டு, ஒரே ஒரு தோட்டாவைப் போட்டார். இரண்டு கையாலும் பிடித்தார். வெடித்த சத்தத்தில் மரத்துக் காக்கையெல்லாம் எழுந்தது. பலகையின் நடுவில் கட்டைவிரல் நுழைகிற ஓட்டை.

அவர் கண் கலங்கியிருந்தது. கொஞ்ச நேரம் ரிவால்வரைக் கீழே வைக்கவில்லை. பிறகு என்னைப் பார்த்து, "தப்பா நெனைக்காதீங்க மொதலாளி. உங்களுக்குத் தரேன்னு சொன்னேன். இப்ப மனசு வரல. எம் பேருக்கே கேட்டுப் பாக்கறேன்" என்றார்.

எனக்கு ஆத்திரம் வந்தது. வாக்குக் கொடுத்துவிட்டு மாறுவதாவது என்று கேட்க வாயைத் திறந்தேன். அந்த ஓட்டையைப் பார்த்தேன். மூடிக்கொண்டேன்.

இன்ஸ்பெக்டர் வெள்ளைத்தாள் எடுத்துக் கொடுக்க, அந்த அம்மா அங்கேயே மனு எழுதினார். துப்பாக்கியைக் கையாளத் தகுதி உள்ளவர் என்று, ஏற்கெனவே லைசென்ஸ் வைத்திருக்கும் ஒருவர் கையெழுத்துப் போட்டால் நல்லது என்றார் இன்ஸ்பெக்டர். அந்த மைதானத்தில் அப்படிப்பட்ட ஆள் நான் ஒருவன்தான். பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.